நைட்டிக்கு ஒரு பாக்கெட்

“நைட்டிக்குப் போக்கெட்டோ? எந்தினா மோளே?” என்று கேட்டார் தையல்கார சேச்சி. மட்டாஞ்சேரியில் பாண்டிக்குடி பக்கம், ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை அவருடையது. நான் பையிலிருந்து நாலு நைட்டிகளை எடுத்து மிஷின் பலகையில் வைத்தேன். வலது பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே, மணிக்கட்டு வரை கை இறங்குகிற ஆழத்தில் ஒவ்வொரு பாக்கெட். கேட்டது அவ்வளவுதான். ஜாக்கெட்டுக்குக் கண்ணாடி பதிக்கச் சொல்லியிருந்தால்கூட அவர் இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

எதற்கென்று சொல்கிறேன். பகல் முழுக்க என் செல்போன் எங்கே இருக்கும் என்பது எங்கள் வீட்டில் ஒரு விடுகதை. ஃபிரிட்ஜ் மேல், அரிசி டப்பா மேல், வாஷிங் மிஷின் மேல். ஒருமுறை இட்லி மாவுக்குள் போகப் பார்த்தது. கேட் சாவி கழுத்துப் பட்டியில் ஊக்கு குத்தித் தொங்கும். பால்காரருக்குக் கொடுக்க வைத்திருக்கும் நூறு ரூபாய் உள்ளங்கையிலேயே ஈரமாகும். என் ஆச்சி முந்தானையில் முடிந்து வைத்தாள். அம்மா ஜாக்கெட்டுக்குள் சின்னப் பர்ஸ் வைத்தாள். புடவைக்காவது இடுப்பு உண்டு, எதையாவது செருகிக்கொள்ளலாம். நைட்டிக்கு இடுப்பும் கிடையாது.

வீட்டில் போட்டுக்கொள்ள என் வீட்டுக்காரர் வாங்கிய அரைக்கால் சட்டைக்கு நாலு பாக்கெட், அதில் ஒன்றுக்கு ஜிப் வேறு. ஆறு வயது மகனின் டிரவுசரில் ஆறு, ஆறிலும் கூழாங்கல். மகளின் கவுனில் ஒன்றுகூட இல்லை. அவள் தன் கல்லைத் தம்பியிடம் கொடுத்து வைக்கிறாள், வாடகைக்கு. இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. 2018-இல் அமெரிக்காவின் ‘தி புட்டிங்’ இணைய இதழ், 80 ஜீன்ஸ்களின் பாக்கெட்டுகளை அளந்து பார்த்தது. பெண்களின் முன்பக்கப் பாக்கெட் ஆண்களுடையதைவிட 48 விழுக்காடு ஆழம் குறைவு, 6.5 விழுக்காடு அகலம் குறைவு. அதாவது உலகம் பெண்ணுக்கு அரைப் பாக்கெட் கொடுக்கிறது, நைட்டி அதையும் கொடுப்பதில்லை.

தென்னிந்தியத் தாய்மார்கள் நாளில் அதிக மணி நேரம் உடுத்துவது நைட்டியைத்தான். அதை உடுத்திக்கொண்டுதான் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள், சிலிண்டர் உருட்டுகிறார்கள், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், பள்ளி ஆட்டோவுக்குப் பின்னால் டிபன் பாக்ஸோடு ஓடுகிறார்கள். இரவில் உறங்குகிற சில மணி நேரத்தை வைத்து அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சாக்காக வைத்து, அது ஒரு வேலை உடை என்பதைத் தைப்பவர், விற்பவர், சட்டம் செய்பவர் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கேரளத்தில் பல வீடுகளில் ‘மேக்ஸி’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தோழி ‘சோட்டி’ என்பாள். பெயரில் இரவு இல்லை என்பதால் அங்கெல்லாம் பாக்கெட் முளைத்துவிடவில்லை.

மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாலு தெரு நடந்தால் நாலு மொழி கேட்கிற ஊர் இது. 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம், அதை ஒட்டி மட்டாஞ்சேரி அரண்மனை, கொங்கணிகளின் திருமலை தேவசுவம் கோயில், குஜராத்திகளின் மிட்டாய்க் கடைகள், கச்சி மேமன்களின் பள்ளிவாசல், லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்கள், எங்களைப்போல் வந்து ஒட்டிக்கொண்ட தமிழர்கள். சென்ற நூற்றாண்டில் இந்தத் தெருவில் நின்றால் பெண்ணின் உடையைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லியிருக்கலாம். சிரியன் கிறிஸ்தவப் பாட்டி என்றால் வெள்ளைச் சட்டையும் பின்னால் விசிறிபோல் கொசுவிய முண்டும். மாப்பிளைப் பெண் என்றால் காச்சித் துணியும் குப்பாயமும் தலையில் தட்டமும். நாயர் வீடு என்றால் முண்டும் நேரியதும். போர்த்துகீசிய வழிவந்த வீடுகளில் கவாயும் துணியும். ஒன்பது கஜம் கட்டிய நம் பாலக்காட்டு மாமிகளும் இருந்தார்கள்.

இன்று காலை ஏழரைக்கு மீன்காரர் சைக்கிள் மணி அடித்ததும் சந்தில் வந்து நின்றவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் நைட்டி. ஒருத்தர் தோளில் தோர்த்து, ஒருத்தர் தலையில் தட்டம், ஒருத்தர் பழைய சுடிதாரின் ஷாலை மேலே போட்டிருந்தார். நான் திருநெல்வேலி வழக்கப்படி ஈரிழைத் துண்டு. துண்டை எடுத்துவிட்டால் யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று மீன்காரருக்கே தெரியாது. மத்தியின் விலையைப் பற்றி மட்டும் ஆறு பேருக்கும் ஒரே கருத்து.

தமிழ் வாசகருக்கு இதன் எடை தெரியும். இங்கிருந்து தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், மேலாடை போட்டதற்காக நாடார் பெண்கள் அடிவாங்கினார்கள். அரை நூற்றாண்டு நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணைகூட, மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வால் வைத்துத்தான் வந்தது. உடுப்பு என்றாலே சாதிச் சான்றிதழாக இருந்த நிலத்தில், யாருக்கும் சொந்தமில்லாத, எந்தச் சாமிக்கும் நேர்ந்துவிடாத ஒரு தொளதொள அங்கி வந்து எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரி ஆக்கியிருக்கிறது. இதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. பெண்கள் கடையில் போய் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சீர்திருத்தம் இப்படிச் சத்தமில்லாமலும் நடக்கும் போலிருக்கிறது.

சத்தம் வந்தது மற்றவர்களிடமிருந்து. 2014-இல் நவி மும்பையின் கோதிவலி கிராமத்தில் ஒரு மகளிர் மண்டலமே, பகலில் நைட்டியோடு வெளியே வந்தால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2018-இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலபள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் தொகையை உயர்த்தினார்கள்: காலை 7 முதல் மாலை 7 வரை நைட்டி போட்டால் 2,000 ரூபாய், போட்டவரைக் காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு. காட்டிக்கொடுக்கப் போகிற அண்ணன் எதை உடுத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தொடை தெரிய மடித்துக்கட்டிய லுங்கி, மேலே ஒன்றும் இல்லை.

லுங்கிக்கும் ஒரு கதை உண்டு. கொல்லம் மாவட்டத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு முதியவர், போலீஸ் அதிகாரி எதிரே வந்தபோது மடித்துக்கட்டியதை இறக்கிவிடவில்லை என்று அடிவாங்கினார். அதன் பிறகு அவர் நைட்டிக்கே மாறிவிட்டார் என்று செய்திகள் வந்தன. நைட்டியில் இறக்கிவிட மடிப்பு ஏது? யாருக்கும் பணிந்து நிற்க வேண்டியதில்லை. ஆண் அதைப் போட்டால் எதிர்ப்பு என்று புரிந்துகொள்கிற ஊர், பெண் போட்டால் சோம்பேறித்தனம் என்கிறது.

ஒப்பிட்டால் கெபாயாவின் நிலைமை தேவலை. கொச்சிக் கடற்கரையின் கவாய்க்குத் தூரத்துச் சொந்தமான அந்த மேல்சட்டையை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. நம் நைட்டி இதுவரை ஏறியிருப்பது பஞ்சாயத்து அபராதப் பட்டியலில்தான்.

நைட்டிக்கு மரியாதை கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. யூதத் தெருவில் மசாலா வாசனை பெரும்பாலும் போய், பழம்பொருள் கடைகளும் துணிக்கடைகளும் வந்து வருஷங்கள் ஆகின்றன. யூத மூதாட்டி சாரா கோஹன் இருந்தவரை அந்தத் தெருவில் நான் ஆசையோடு எட்டிப்பார்த்த கடை அவருடையது. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் தைத்த மேசை விரிப்புகள், ரொட்டி மூடும் துணிகள், யூதத் தொப்பிகள். அன்றாடம் கை படுகிற பொருளில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்டால் அந்தப் பூத்தையலே பதில் சொல்லும். 2019 ஆகஸ்ட் 30-இல், 96 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். மட்டாஞ்சேரியை அறிந்தவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அதே தெருவில் வேறொரு கடையின் வாசலில் சென்ற மாதம் ஒரு உடுப்பு தொங்கியது. கணுக்கால் வரை நீளம், தொளதொள கை, வட்டக் கழுத்து, இண்டிகோ அச்சு. தொட்டுப் பார்த்தேன்: நல்ல மெல்லிய பருத்தி. உள்தையல் மடித்துத் தைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பாக்கெட்! விலைச் சீட்டைத் திருப்பினால் 3,200 ரூபாய். கடைப்பையன் ஆங்கிலத்தில் “கஃப்தான், மேடம்” என்றான். எங்கள் தெருவில் 350 ரூபாய்க்கு விற்கிற நைட்டியின் அக்காதான் அது. வெளிநாடு போய்ப் பேர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். சுற்றுலா வந்த பெண் இரண்டு நாள் போட்டுக் கழற்றுகிற உடுப்புக்கு நல்ல துணியும் பாக்கெட்டும் கிடைக்கின்றன. வருஷத்துக்கு 365 நாளும் போடுகிறவளுக்குக் கிடைப்பது கழுத்தைச் சுற்றி நைலான் லேஸ். அந்த லேஸ் வியர்வையில் அரிக்கும். வியர்க்காத ஊரா இது? காயலும் கடலும் சுற்றி இருக்கிற இந்தக் காற்றில் உப்பு டப்பாவே நசநசக்கும்.

துணியைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கோபம். மலபாரிலும் கொச்சியிலும் விற்கிற நைட்டிகள் பலவற்றின் பிறப்பிடம் நம் பக்கம்தான். ஈரோட்டுக் கனி ஜவுளிச் சந்தையில் திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற மொத்த வியாபாரத்துக்குக் கேரள வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஓணம் நெருங்கினால் சந்தையில் மலையாளம்தான் கேட்கும். இன்னொரு பக்கம் குஜராத்தின் ஜேத்பூர். பூப்போட்ட நைட்டித் துணி அச்சிடுவதில் பேர்போன ஊர். அச்சுப்பட்டறைச் சாயக் கழிவால் அங்கே பாதர் ஆறு கெட்டுப்போனது தனிக் கதை. இப்படி நெய்கிற ஊர், அச்சிடுகிற ஊர், தைக்கிற ஊர், விற்கிற ஊர் என்று நாலு கை மாறி வருகிற உடுப்பில், கழுத்துக்குப் பின்னால் ‘ப்யூர் காட்டன்’ என்று ஒரு சீட்டு இருக்கும். எந்தக் கை அதை ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது.

சீட்டை நம்பாதீர்கள். உள்தையலின் பிசிறிலிருந்து நாலு நூலை உருவி, கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும். ஆறினால் கறுப்பு மணிபோல் கெட்டியாக விரலில் உருளும். ரேயான் இந்தப் பரீட்சையில் ஏமாற்றிவிடும். அதுவும் மரக்கூழிலிருந்து வருவதால் பருத்திபோலவே எரியும். அதைத் தண்ணீரில்தான் பிடிக்க வேண்டும். நனைந்தால் ரேயான் இழைக்குப் பலம் குறைந்துவிடும், முறுக்கிப் பிழிந்தால் நாலாம் மாதம் அக்குளில் கிழியும். நான் சென்ற வருஷம் வாங்கிய மூன்று ‘ப்யூர் காட்டன்’ நைட்டிகளில் ஒன்று பருத்தி, ஒன்று ரேயான், ஒன்று கறுப்பு மணி. மூன்றுக்கும் ஒரே விலை.

விலை போனால் போகட்டும், விஷயம் அடுப்பு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமாகவோ கடுமையாகவோ தீக்காயம் அடைகிறார்கள். பெண்களுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதற்கு அந்த நிறுவனம் காட்டுகிற காரணங்களில், திறந்த நெருப்பில் சமைப்பதும் தளர்வான உடையில் தீப்பற்றுவதும் உண்டு. மெல்லிய பருத்தி சட்டென்று பற்றும். பாலியஸ்டர் பற்றியதும் உருகித் தோலில் ஒட்டும். இரண்டும் கலந்தது இன்னும் மோசம்: பருத்தி இழை திரிபோல நின்று எரியும், உருகிய பாலியஸ்டர் அந்தத் திரிக்கு எண்ணெயாகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நம் கடைகளில் தொங்குகிற நைட்டியின் கையைப் பாருங்கள். முழங்கைக்கு மேல் தொங்குகிற சுருக்கம், அதற்குக் கீழே இன்னொரு சுருக்கம். பின்பக்க அடுப்பில் குழம்பைக் கிளற முன்பக்க அடுப்பின் மேல் கை நீட்டுகிற ஒவ்வொரு முறையும் அந்தச் சுருக்கம் தீயை எட்டிப்பார்க்கிறது. அழகுக்கு வைத்ததாம்.

பிரிட்டனில் இரவு உடைகளுக்கென்றே 1985-இல் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தார்கள். சிறுவர்களின் இரவு அங்கிகள் தீப்பரவல் சோதனையில் தேற வேண்டும். பெரியவர்களுடையதில், சோதனையில் தேறியதா, தீயிடமிருந்து விலகி இருக்க வேண்டுமா என்று சீட்டு இருந்தாக வேண்டும். அங்கே அதை உடுத்திப் படுக்கத்தான் போகிறார்கள். இங்கே அதைப் போட்டுக்கொண்டு மூன்று வேளை அடுப்படியில் நிற்கிறார்கள், கழுத்துச் சீட்டில் அந்த ‘ப்யூர் காட்டன்’ பொய்யையும் அளவையும் தவிர ஒன்றுமில்லை. அந்த அளவும் ‘ஃப்ரீ சைஸ்’. ஐந்தடிப் பெண்ணுக்குக் கால் தடுக்கும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மரப்படி ஏணிபோல் நிமிர்ந்து நிற்கும். ஒரு கையில் துணி வாளி, மறு கையில் பிள்ளை, பாதத்தின் கீழே ‘ஃப்ரீ சைஸ்’. என் நாத்தனார் மூன்று படி உருண்டாள்.

நைட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் தாய்க்காக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நெஞ்சில் கொசுவத்துக்குள் ஒளிந்திருக்கிற இரண்டு ஜிப். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பையில் முதலில் வைப்பது அந்த ‘ஃபீடிங் நைட்டி’யைத்தான். எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ, நடுராத்திரி மூன்று மணிக்கு அரைத் தூக்கத்தில் ஒரே கையால் திறக்கிற அந்த ஜிப்புக்காக அவளுக்குச் சிலை வைக்கலாம். 2018-இல் மாத்ருபூமியின் ‘கிருஹலட்சுமி’ இதழ், முறைத்துப் பார்க்காதீர்கள், எங்களுக்குப் பாலூட்ட வேண்டும் என்ற பொருளில் அட்டைப்படம் போட்டபோது கேரளமே இரண்டுபட்டது. ஆபாசம் என்று வழக்குப் போனது; அப்படித் தெரியவில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அட்டையில் இருந்த மாடல் தாய்தானா என்பதுவரை தோண்டினார்கள். நான் படித்தவரையில், பால் கொடுக்க எந்த உடுப்பு தோது, பேருந்து நிலையத்தில் எந்த மூலையில் உட்காருவது என்பதைப் பேசியவர்கள் சொற்பம். தாய்மையைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கிற அளவுக்குத் தாயின் தோதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

துவைப்பதையும் சேர்த்துத்தான் துணியை எடைபோட வேண்டும். இடவப்பாதியில் தொடங்குகிற மழை கர்க்கடகம் முழுக்க விடாது. அப்போது வீட்டுக்குள் கட்டிய கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் தடித்த துணி காயாது. பூசணம் பிடித்த வாடை ஏறும். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு எப்போதோ விடை கண்டார்கள். அதுதான் தோர்த்து. கொசுவலையைவிடக் கொஞ்சம்தான் நெருக்கமான பருத்தி நெசவு. தண்ணீரை உறிஞ்சும், உதறினால் பாதி காயும். பக்கத்து ஊர் சேந்தமங்கலம் நெசவாளர்கள் 2018 வெள்ளத்தில் தறியையும் ஓணச் சரக்கையும் இழந்தபோது, தன்னார்வலர்கள் சேறு படிந்த துணியை வெட்டி ‘சேக்குட்டி’ பொம்மைகள் செய்து விற்றுக் கைகொடுத்தார்கள். அந்தப் பொம்மையை வாங்கி காரில் தொங்கவிட்டவர்கள் நிறையப் பேர். அந்தத் தறியில் அன்றாடம் உடுத்த ஏதாவது நெய்யச் சொல்லிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ பகுதியில் இருக்கிற தோபிகானா நம் ஆட்களுடையது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள். இப்போதுள்ள துவைக்கும் தொட்டிகளும் சலவைக் கூடமும் 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தவை. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவார்கள். கிளிப்பே கிடையாது, எந்தக் காற்றுக்கும் பறக்காது. கஞ்சி போட்டு, கனத்த பெட்டியால் தேய்த்த ஹோட்டல் விரிப்புகள் அங்கே சுவர்போல் அடுக்கியிருக்கும். ஒருநாள் மாமியாரின் கைத்தறிப் புடவையைக் கொடுக்கப் போனபோது, அண்ணாச்சி ஒருவரிடம் நைட்டித் துணியைப் பற்றிக் கேட்டேன். “பருத்தின்னா கல்லுல அடிச்சாலும் பேசாம இருக்கும்மா. இந்த மினுமினுப்பு இருக்கே, தண்ணியிலயே அழுவுது” என்றார். அது வெளுக்க வருமா என்றேன். “நைட்டியை யாரு வெளுக்கப் போடுதா? அதுக்கெல்லாமா காசு செலவழிப்பாக?” நியாயமான கேள்வி. வீட்டுக்காரரின் சட்டை இஸ்திரிக்குப் போகிறது. நைட்டி கரித்துணியாகும்வரை அப்படியே உழைக்கிறது. கரித்துணியான பிறகும்தான்.

வாங்குகிறவளின் சௌகரியத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு விற்கிறவளை விட்டுவிட்டால் ஞாயமில்லை. எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. என் முன்னால் நாற்பது நைட்டிகளைப் பிரித்துப் போட்ட பெண்ணுக்கு எப்படியும் ஐம்பது வயது இருக்கும். காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். கவுண்டருக்குக் கீழே ஒரு ஸ்டூல் இருந்தது, அதன் மேல் அட்டைப்பெட்டி. இந்த ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளியும் அவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பும், ஜவுளிக்கடைகளில் பெண்களுக்குக் கழிவறையும் உட்கார இடமும் கேட்டுப் பல வருஷம் தெருவில் நின்றார்கள். திருச்சூரில் விற்பனைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தம் நூறு நாளைத் தாண்டியது. 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் திருத்தியது. உட்கார்ந்துகொள்ளலாம் என்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! சட்டம் வந்த பிறகும் ஸ்டூலின் மேல் பெட்டி. “உக்காருங்க சேச்சி, நான் மெதுவாப் பார்க்கிறேன்” என்றேன். மேனேஜர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சாரமில்லா” என்றாள். மலையாளத்தில் பரவாயில்லை என்று பொருள். தாய்மார்கள் எல்லா மொழியிலும் அதிகம் சொல்கிற சொல் அதுவாகத்தான் இருக்கும்.

1881-இல் லண்டனில் பெண்களுக்கு நியாயமான உடை வேண்டும் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது. ஏழு பவுண்டு என்றால் மூன்று கிலோவுக்கு மேல்! அதையே குறைத்துக் கேட்ட காலம் அது. நம் ஊரில் யாரும் சங்கம் வைக்காமலே பெண்கள் இருநூறு முந்நூறு கிராம் உடுப்புக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். கடினமான பாதியை அவர்களே முடித்துவிட்டார்கள். மிச்சப் பாதி, உடுப்பைச் செய்கிறவர்கள் கையில் இருக்கிறது.

கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை கொடுக்கிறார்கள். நெசவாளருக்கு வேலை, பிள்ளைக்கு நல்ல துணி. பிள்ளையின் சீருடைக்குத் தறி கிடைக்கிறதென்றால் அம்மாவின் சீருடைக்கும் கிடைக்கும். குடும்பஸ்ரீ தையல் கூடங்கள் இங்கே இருக்கின்றன, அங்கே கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. தீபாவளிப் பட்டுக்கு வடிவமைப்பாளரைத் தேடுகிற கோ-ஆப்டெக்ஸ், ஒரு நல்ல வீட்டு உடுப்புக்கும் ஒருவரைத் தேடலாம். கை முழங்கைக்கு மேல் நிற்கட்டும், சுருக்கம் வேண்டாம். உயரத்துக்கு மூன்று அளவு. லேஸுக்குப் பதில் அதே துணியில் பட்டி. இழை என்ன என்று உண்மையைச் சொல்கிற ஒரு சீட்டு. அதைச் சொல்லாத நைட்டியை விற்க முடியாது என்று ஒரு விதி. நிறத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். ஆனால் ஊதாவில் மஞ்சள் பூ, மஞ்சளில் ஊதாப் பூ என்ற இரண்டைத் தாண்டியும் உலகத்தில் நிறங்கள் உண்டு. அழகாக இருக்கிற ஆசை வீட்டு வாசலைத் தாண்டினால்தான் வரும் என்று யார் சொன்னது? சமையலறைச் சன்னலில் கருங்குயில் வந்து உட்கார்கிற ஊர் இது. அது நம்மைப் பார்க்கிறபோது கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கக் கூடாதா?

சேச்சி நாலு நைட்டிக்கும் பாக்கெட் வைத்துக் கொடுத்தார். ஆழத்தை நாடாவால் அளக்கவில்லை. தன் செல்போனை எடுத்துத் துணியின் மேல் வைத்து, சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, அதற்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டினார். பாக்கெட்டுக்கு இருபது ரூபாய். முதல் வாரம் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் கை விட்டுப் பார்த்தேன். கேட் சாவி, இரண்டு துணிக் கிளிப், மாமியாரின் அரை மாத்திரை மடித்த காகிதம், பதினேழு ரூபாய்ச் சில்லறை, மகள் கொடுத்து வைத்த கூழாங்கல் இரண்டு. தம்பி வாடகையை ஏற்றிவிட்டானாம்.

நேற்று இன்னும் இரண்டு நைட்டிகளோடு போனேன். மிஷின் பக்கத்தில் வேறு யாருடையதோ ஒரு குவியல். எல்லாவற்றிலும் வலது இடுப்பில் சாக்கட்டிக் கோடு. “இப்போ திரக்கா மோளே” என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அடுத்த வியாழாழ்ச்ச வா.”